கிணத்தடிக் கமெரா: வெளிநாட்டிலிருந்து பார்க்கப்பட்ட ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

இது யாழ்ப்பாணத்தில், வலிகாமப் பகுதியிலுள்ள ஒரு வீட்டில் நடந்தது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் எடுத்துவிட்டேன், அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியும் இருக்கிறேன். அந்த வீட்டிலிருந்த இரண்டு பெண்களுக்கும் முழுதாக வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் வெளியே விடுகிறேன். நான் இங்கே வலையமைப்பு, கமெரா பராமரிப்பு வேலை செய்கிறவன். இதே மாதிரிக் கமெராக்கள் இப்போது குடாநாட்டில் ஒழுங்கைக்கு ஒழுங்கை தொங்குகின்றன, அவற்றைப் பூட்டச் சொல்கிறவர்களும் பூட்டுகிறவர்களும் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

## பின்னணி

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 78. ஊரில் எல்லாரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். கணவர் இறந்து பல வருடங்கள். மகன் ரொறன்ரோவில், மகள் லண்டனில்.

முதலில் இரண்டு கமெராக்கள்தான் இருந்தன. பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டரைக் களவெடுத்த பிறகு படலைக்கு ஒன்றும் முன் விறாந்தைக்கு ஒன்றுமாகப் பூட்டினார்கள். அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. பிறகு ஒருநாள் விடியற்காலையில் ரீச்சர் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து, எழும்ப முடியாமல், பால் கொண்டு வருகிறவர் வந்து கூப்பிடும்வரைக்கும் தரையிலேயே கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு, சத்திரசிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை. அந்தச் செய்தி கிடைத்தபோது மகன் வேலைத்தலத்தில் நின்றாராம், "அம்மா கத்தினது ஒருத்தருக்கும் கேட்கேல்லையே" என்பதை அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அந்தக் குரலை நான் சந்தேகிக்கவில்லை. இந்த வீட்டில் நடந்ததற்கெல்லாம் தொடக்கம் ஒரு பிள்ளையின் பயம்தான், அதைத் தெரிந்துகொண்டு மற்றதை வாசியுங்கள்.

விழுந்த பிறகு ரீச்சரைப் பார்க்க வன்னியிலிருந்து ஒரு பெண்ணை ஒழுங்குபண்ணினார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். வீட்டோடு தங்கி வேலை. அவர் வந்த அதே கிழமை இன்னும் நான்கு கமெராக்கள் ஏறின: சாப்பாட்டறையில் ஒன்று, குசினிக்குப் போகும் நடையில் ஒன்று, ரீச்சரின் படுக்கையறையில் ஒன்று, பின்பக்கச் சுவரில் ஒன்று. பின்பக்கத்தது போனிலிருந்தே திருப்பக்கூடிய சுழல் கமெரா. அதன் கண்ணுக்குக் கீழே கிணத்தடி. குளியலறை இருந்தாலும் அந்தப் பெண் பழக்கத்தில் விடிய முன்னம் கிணத்தடியில்தான் குளிப்பார், எங்கள் ஊர்களில் அது புதுமையும் இல்லை.

வீட்டுக்குள்ளே இருந்த மூன்றிலும் ஒலிவாங்கி இருந்தது. அது ரீச்சருக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. ஒருநாள் ரீச்சர் சாப்பாட்டறையில் பக்கத்து வீட்டுக்காரியோடு காணி விஷயம் கதைத்துக்கொண்டிருக்க, அன்றிரவே மகன் போனில் அந்தக் கதைக்கே பதில் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு அந்தப் பெண் தன் மகளோடு போனில் கதைக்க வேண்டுமென்றால் வளவின் மூலையில் முருங்கையடிக்குப் போய்விடுவார், மழை என்றாலும் குடையோடு அங்கேதான்.

## முதலில் தெரிய வந்தது

இரண்டு விஷயங்கள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வெளியே வந்தன. குடும்பம் ஒன்றைப் பெரிதாக எடுத்தது, மற்றதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பெரிதாக எடுத்தது இது. பின்பக்கக் கமெரா விடியப்பறம் நாலரை மணியளவில் தானாகத் திரும்புகிறது என்று அந்தப் பெண் ரீச்சரிடம் சொன்னார். முதல்நாள் ஏதோ பழுது என்று நினைத்தாராம். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றின் மற்றப் பக்கம் போனபோது அதுவும் அந்தப் பக்கம் திரும்பியது, மோட்டரின் 'கிர்' சத்தம் தெளிவாகக் கேட்டது. ரீச்சர் மகனைக் கேட்டார். மகன் தங்கச்சி பார்த்திருப்பாள் என்றார். மகளைக் கேட்டால், அண்ணாவாக இருக்கும் என்றார். எங்களுக்கு விடிய நாலரை என்றால் கோடைகாலத்தில் ரொறன்ரோவில் முதல்நாள் பின்னேரம் ஏழு மணி, லண்டனில் நடுச்சாமம். மகன் வேலையால் வந்து அம்மாவைப் பார்க்கிற நேரம் அதுதான், எனவே இருவரும் மற்றவரைச் சொன்னதில் ஆச்சரியமில்லை. ஆனால் இரண்டு பேரும் பின்பக்கக் கமெராவை ஒருநாளும் திருப்பியதில்லை என்று பிறகு வீடியோவில் ஒன்றாக இருந்து கதைத்தபோது தெரிந்தது. அன்றைக்கே மகள் என்னைத் தொடர்புகொண்டார்.

கணக்கில் எடுக்காதது ஒரு வீடியோத் துண்டு. மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தப் பெண் சாப்பாட்டறைக் கதிரையில் வாயைப் பிளந்தபடி நித்திரை. மகன் அதை வெட்டி, "இதுக்குத்தான் சம்பளம் குடுக்கிறம்" என்று குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். குழுவில் கனடா, லண்டன், பாரிஸ், கொழும்பு என்று முப்பதுக்கு மேற்பட்ட சொந்தங்கள். அதில் ஒருவர் தன் வீட்டு வேலைக்காரிக்குக் காட்டி, அவர் வழியாக அந்தப் பெண்ணின் ஊருக்கே கதை போய்விட்டது. முதல்நாள் இரவு ரீச்சருக்கு வயிற்றாலை போய், அந்தப் பெண் விடிய விடிய எழும்பி எழும்பி நடந்திருக்கிறார். அதுவும், எல்லாக் கமெராக்களின் படமும் போய்ச் சேருகிற அதே ரெக்கோடரில் பதிவாகித்தான் இருந்தது. அதை யாரும் வெட்டி அனுப்பவில்லை.

## நேரில் பார்த்தது

நான் போனபோது ரெக்கோடர் சாப்பாட்டறை அலுமாரிக்கு மேலே, பழைய கலண்டர்களுக்கு நடுவில் இருந்தது. அதன் மூடியில் பாஸ்வேட் மார்க்கர் பேனையால் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பாஸ்வேட்டை எனக்கு ஏற்கனவே தெரியும், ஏனென்றால் அதே கடை பூட்டிய வேறு இரண்டு வீடுகளிலும் அதையே பார்த்திருக்கிறேன். கடையின் பெயரும் ஒரு வருடமும், அவ்வளவுதான்.

ரெக்கோடரில் இருந்தது ஒரேயொரு பயனர் கணக்கு, 'அட்மின்'. மகன், மகள், கடை எல்லாரும் அதனாலேயே உள்ளே போயிருக்கிறார்கள். வீட்டு ரவுட்டரில் யூபிஎன்பி, அதாவது உள்ளே இருக்கும் கருவிகள் கேட்டால் வெளிவழியைத் தானாகத் திறந்துவிடும் வசதி, திறந்திருந்ததால் ரெக்கோடர் தானே ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியொன்றைத் திறந்து இணையத்துக்கு முகம் காட்டிக்கொண்டிருந்தது. பூட்டிய நாளிலிருந்து ஃபேர்ம்வேர், அதாவது ரெக்கோடருக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள், ஒருமுறையும் புதுப்பிக்கப்படவில்லை. இப்படியான கமெராக்களையும் ரெக்கோடர்களையும் 60க்கு மேற்பட்ட பொதுவான பெயர், பாஸ்வேட் சோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு தேடிப் பிடித்த மிராய் என்ற தீநிரல், 2016 ஒக்டோபரில் இணையத்தளப் பெயர்களுக்கு முகவரி கண்டுபிடித்துத் தரும் டைன் என்ற கொம்பனியைத் தாக்கி ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பெரிய தளங்களையே பல மணி நேரம் தடுமாற வைத்தது. அதிலிருந்து இத்தனை வருடங்கள் கழித்தும் ஒரு ஆச்சியின் அலுமாரிக்கு மேலே அதே நிலைமைதான்.

ஆனால் இந்த வீட்டில் நடந்ததற்கு அவ்வளவு தூரம் போகத் தேவையிருக்கவில்லை. இந்த வகை ரெக்கோடர்கள் கொம்பனியின் செயலியில் ஒரு உரிமையாளர் கணக்கோடு பிணைக்கப்படும், அந்த உரிமையாளர்தான் மற்றவர்களுக்குப் பகிர முடியும், யார் யாருக்குப் பகிர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் அவருக்கு மட்டுமே தெரியும். மகனின் செயலியைத் திறந்து காட்டச் சொன்னேன். காசு கொடுத்தவர், தன் அம்மாவின் வீடு, ஆனாலும் அவருடைய திரையில் அந்த ரெக்கோடர் 'பகிரப்பட்டது' என்றுதான் இருந்தது. கீழே பகிர்ந்தவரின் போன் இலக்கம், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படி. மகனுக்கும் மகளுக்கும் அது யாரென்று தெரியவில்லை. கடை முதலாளிக்குத் தெரிந்தது. பூட்ட வந்த பெடியனின் இலக்கம், வேலையை விட்டுப்போய் மாதங்கள் ஆகிவிட்டன. பூட்டுகிற அன்று கையில் இருந்த போனிலேயே கணக்கைத் திறந்து வேலையை முடித்திருக்கிறார்கள். அந்தக் கடையில் அதுதான் வழக்கமாம்.

யார் எப்போது உள்ளே வந்து என்ன செய்தார் என்று எழுதும் ரெக்கோடரின் பதிவேட்டில் கடந்த 12 நாட்களின் விபரம் மட்டும் மிஞ்சியிருந்தது, அதற்கு முந்தியதன் மேல் புதியது எழுதப்பட்டுவிட்டது. அந்த 12 நாட்களில் பல நாள் விடியப்பறம் பின்பக்கக் கமெராவைத் திருப்பிய கட்டளைகள் இருந்தன. கட்டளை கொடுத்தவர் என்று எழுதியிருந்தது 'அட்மின்', தூரத்திலிருந்து. அவ்வளவுதான். எல்லாரும் ஒரே பெயரில் உள்ளே வந்தால் பதிவேடு யாரையும் காட்டிக்கொடுக்காது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உடனடியாகச் செய்தது, பின்பக்கக் கமெராவுக்கு மேலே ஒரு துணிப்பையைக் கட்டிவிட்டது. மின்சாரத்தை நிறுத்தவோ ரெக்கோடரை மீளமைக்கவோ இல்லை. மீளமைத்தால் பதிவேடும் போய்விடும், பிறகு அந்தப் பெண் முறைப்பாடு கொடுக்க நினைத்தாலும் கையில் ஒன்றும் இருக்காது.

அடுத்தது யாருக்கு முதலில் சொல்வது. என்னைக் கூப்பிட்டது மகள், காசு தருவது மகன். மகன் கேட்டுக்கொண்டது இதுதான்: "தம்பி, அவவுக்கு இப்ப சொல்லாதேங்கோ, பயந்து போய் வேலையை விட்டிட்டு வெளிக்கிட்டால் அம்மாவுக்கு ஆள் இல்லை. நாங்கள் முதல்ல எல்லாத்தையும் சரிப்படுத்துவம்." அவருடைய கவலை உண்மையானது. இருந்தாலும் பார்க்கப்பட்டது அவருடைய உடம்பு இல்லை. தன்னை யாரோ பார்த்திருக்கலாம் என்பது தெரியாமல் ஒரு பெண் நாளைக்கும் அதே கிணத்தடிக்குப் போவதா, இனி என்ன செய்வது என்பதை அவரைத் தவிர வேறு எல்லாரும் இருந்து தீர்மானிப்பதா? நான் முதலில் அவருக்கும் ரீச்சருக்கும்தான் சொன்னேன். மகனிடமும் சொல்லிவிட்டே சொன்னேன். அவருக்குக் கோபம்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்துவிட்டு அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் படம் இப்பவும் இதுக்குள்ள இருக்கோ?" என்பது. இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை எனக்கு இல்லை, பதிவேட்டின் நேரங்களே போதும் என்று சொன்னேன். கிணத்தடிப் பதிவுகளை நான் திறக்கவில்லை. மகனுக்கும் மகளுக்கும் இருந்த தொலைநிலை அனுமதியை அப்போதே நிறுத்தச் சொன்னேன், 'அட்மின்' பாஸ்வேட்டை மாற்றி அந்தப் பெண்ணே எழுதி வைத்துக்கொண்டார். பதிவேட்டுத் திரைகளை ரீச்சரின் முன்னிலையில் படமெடுத்து, பதிவேட்டை ஒரு யூஎஸ்பியில் ஏற்றி, திகதி, நேரம் எழுதி, படங்கள் பதிவாகும் வன்வட்டைக் கழற்றி உறையில் போட்டு ஒட்டி அந்தப் பெண்ணிடமே கொடுத்தோம். அதைப் பொலிஸுக்குக் கொடுப்பதா, உடைப்பதா, வைத்திருப்பதா என்பது அவருடைய முடிவு. அவருக்குக் கணினி தெரியாது என்று மகன் சொன்னார். கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை, தன் படம் தன்னுடையது என்பது தெரிந்தால் போதும்.

பழைய பிணைப்பை அறுத்து, ரெக்கோடரைப் புது வன்வட்டோடு மீளமைத்து, உரிமையாளர் கணக்கை ரீச்சரின் பெயரில் திறந்தோம். பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பயனர், பார்க்க மட்டும் அனுமதி. ரவுட்டரில் யூபிஎன்பியை மூடி, வைஃபை பாஸ்வேட்டையும் மாற்றினோம்.

பிறகு அந்தப் பெடியன். மகன் அவனுடைய முகநூல் படத்தைத் தேடி எடுத்துவிட்டார், "இவன்தான் ஆள்" என்று போடப்போகிறேன் என்றார். நான் கடுமையாக மறுத்தேன். உரிமையாளர் கணக்கு அவனுடைய இலக்கத்தில் இருந்தது உண்மை, ஆனால் அந்த 'அட்மின்' பாஸ்வேட் கடையில் வேலை செய்த எல்லாருக்கும், அந்தக் கடையின் வாடிக்கையாளர் எவருக்குமே தெரிந்திருக்கக்கூடியது, திறந்து கிடந்த போர்ட் வழியாக அதை வைத்து யாரும் வந்திருக்கலாம். சந்தேகம் அவன்மேல் போவது நியாயம், ஊருக்கு முன்னால் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. அதைவிட, அவன் படம் முகநூலில் ஏறினால் அடுத்த கேள்வி "எந்த வீட்டில், எந்தப் பொம்பிளை?" என்பதுதான். ஏற்கனவே ஒரு வீடியோத் துண்டால் ஊரில் பேச்சு வாங்கிய பெண் அவர். மகன் போடவில்லை.

கடைசியாக மற்ற வீடுகள். அதே பாஸ்வேட் எத்தனை வீடுகளில் இருக்கிறதோ. ஊரெல்லாம் கேட்கச் சொன்னால் தெரியாதவனுக்கும் தெரிந்துவிடும், சொல்லாமல் விட்டால் அங்கேயும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளுக்கும் நேரே போய் அன்றே மாற்றிக்கொடுத்தேன். கடை முதலாளிக்கு என்ன குறை, எப்படித் திருத்துவது என்று எழுத்தில் கொடுத்து இரண்டு கிழமை அவகாசம் சொன்னேன். "என்ர பிழைப்பைக் கெடுக்கப் போறியளோ" என்று முதல் நாள் சத்தம் போட்டார். அடுத்த நாள் அவரே எடுத்து, வாடிக்கையாளர் கொப்பியோடு இருக்கிறேன், வாருங்கள் என்றார்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்பதை அவருக்குக் காட்ட ஒரு வழக்கைச் சொன்னேன். அமெரிக்காவின் டெக்சாஸில் பெரிய வீட்டுப் பாதுகாப்புக் கொம்பனி ஒன்றின் தொழில்நுட்பவியலாளர், பூட்டப்போன வீடுகளின் கணக்குகளில் தன் மின்னஞ்சலையும் சேர்த்துவிட்டு, சுமார் 200 வீடுகளின் கமெராக்களை 9,600 தடவைக்கு மேல் திறந்து பார்த்திருக்கிறார். 2021 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 52 மாதச் சிறை கிடைத்தது. முதலாளி அந்த எண்ணிக்கையைக் கேட்டதும் கொப்பியின் பக்கங்களை எண்ணத் தொடங்கிவிட்டார்.

## சட்டத்தின் பக்கம்

அந்தப் பெண் முறைப்பாடு கொடுக்கலாமா என்று கேட்டார். அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். ஐந்து வருடம் வரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். ரெக்கோடரும் கணினிதான். ஆகவே வெளியாள் பார்த்ததற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வீட்டுக்காரர் பார்த்ததற்கு? இங்கேதான் நிலைமை மெல்லியது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம், ஆனால் ஒருவர் முற்றிலும் தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அது பொருந்தாது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகளும் பின்போடப்பட்டன. வீடு ஒருவருக்கு வீடாகவும் இன்னொருவருக்கு வேலைத்தலமாகவும் இருக்கிறபோது 'வீட்டுத் தேவை' என்பது யாருடைய தேவை என்ற கேள்வி எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளில் தொங்குகிறது. சட்டம் விலக்கு அளித்திருக்கிறது என்பதற்காகச் செய்தது சரியாகிவிடாது.

மகளுக்கு நான் சொன்னது அவர் வாழ்கிற நாட்டிலேயே நடந்தது. 2021 ஒக்டோபரில் ஒக்ஸ்போர்ட் மாவட்ட நீதிமன்றத்தில் அயல்வீட்டுக் கமெராக்களும் கமெரா பூட்டிய வாசல் மணியும் பற்றிய வழக்கில், படத்தைவிட ஒலி பிடிபடும் எல்லைதான் கூடிய பிரச்சினை என்று நீதிபதி சொன்னார். அதைக் கேட்டுவிட்டு மகள் கேட்டது, "அப்ப அம்மா அயலட்டைச் சனத்தோட கதைக்கிறதெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருந்தது?" அவர் கேட்டிருக்கிறார். பாத்திரம் கழுவும்போது ரேடியோ மாதிரிப் போட்டுவிடுவாராம், அம்மாவின் குரல் வீட்டில் கேட்கட்டும் என்று. அதைச் சொல்லும்போது அழுதார். தவறான எண்ணம் துளியும் இல்லாத அன்பு அது, ஆனாலும் கேட்கப்பட்டவர்களுக்குத் தெரியாமல் நடந்தது.

## குடும்பத்தோடு கதைத்தது

வீடியோ அழைப்பில் இரண்டு பிள்ளைகள், இந்தப் பக்கம் ரீச்சர், அந்தப் பெண், நான். மகன் தொடங்கியது பாதுகாப்பு நுட்பத்தில்: நல்ல கமெரா வாங்குவோம், பெரிய கொம்பனிச் சாமான் எடுப்போம், இரட்டைச் சரிபார்ப்பு போடுவோம். 2021 மார்ச்சில் வெர்காடா என்ற அமெரிக்கக் கமெராக் கொம்பனியின் உயர் அனுமதிக் கணக்கொன்று வெளியார் கையில் சிக்கி, வைத்தியசாலைகள், சிறைகள் உட்பட சுமார் 150,000 கமெராக்களைப் பார்க்கக்கூடியதாக இருந்ததைச் சொன்னேன். பெரிய கொம்பனி என்பதால் மட்டும் கதவு இறுகிவிடாது. படம் எடுக்காத கமெராவிலிருந்துதான் படம் கசியாது.

பிறகு ரீச்சர் பேசினார். அதுவரை பிள்ளைகள் யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை. கமெரா பூட்டும்போதும் கேட்கவில்லை, அவர் நன்மைக்குத்தானே என்று. சேலை மாற்றுவதென்றால் அலுமாரிக் கதவைத் திறந்து அதன் பின்னால் ஒதுங்கி நின்று மாற்றுகிறேன், இந்த இடுப்போடு, என்றார். ஒருநாள் ஒரு துவாயை எடுத்துக் கமெராமேல் போட்டிருக்கிறார், ஐந்து நிமிடத்துக்குள் போன் வந்துவிட்டது: "அம்மா, கமெரா மறைஞ்சிட்டுது, அந்தத் துவாயை எடுங்கோ." எடுத்துவிட்டாராம். "ஆமி வந்து குடும்பத்தைப் பதிஞ்சு படம் எடுத்தபோதும் எங்களை விறாந்தையிலதான் தம்பி நிப்பாட்டி எடுத்தவங்கள். படுக்கிற அறைக்குள்ள ஒருத்தரும் வரேல்லை" என்று மகனைப் பார்த்து அமைதியாகச் சொன்னார்.

சுற்றிவளைப்பும் சோதனைச் சாவடியும், முகத்தை மூடி நின்று ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டியும் கண்ட ஊர் இது. பார்க்கப்படுவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அரசு பார்த்தால் அநியாயம் என்று தெரிகிற எங்களுக்கு, பிள்ளை பார்த்தால், முதலாளி பார்த்தால் அது அக்கறை என்றே தெரிகிறது. பார்க்கிறவர் மாறினாலும் அலுமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று சேலை மாற்றுகிறவரின் நிலை மாறவில்லை.

கதைத்து முடிந்தபோது படுக்கையறை, சாப்பாட்டறை, குசினி நடை, கிணத்தடி நான்கையும் கழற்றுவது என்று முடிவானது. படலையும் முன் விறாந்தையும் இருக்கும், ஒலியில்லாமல். மகனுக்கு இரவுதான் பயம், அதை ஒதுக்கிவிட முடியாது. ரீச்சர் கழுத்தில் போடக்கூடிய அழைப்பு மணி ஒன்று, அழுத்தினால் அந்தப் பெண்ணின் அறையிலும் இரண்டு பிள்ளைகளின் போனிலும் அடிக்கும். அறைக் கதவில் ஒரு சின்ன உணரி, காலை ஆறரைக்குள் கதவு திறபடாவிட்டால் செய்தி போகும். விழுந்தால் தெரிய வேண்டும் என்பதுதான் தேவை, அதற்குப் படம் வேண்டியதில்லை.

அந்த வீடியோத் துண்டையும் நான் எடுத்துப் பேசினேன், ஏனென்றால் அதை வேறு யாரும் எடுக்கப்போவதில்லை. வெளியாள் பார்த்ததற்கு அவ்வளவு கொதித்தவர்கள், தாங்களே வெட்டி முப்பது பேருக்கு அனுப்பியதைக் குற்றமாகவே நினைத்திருக்கவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இந்த வீட்டைப் பார்க்க யாருக்கு உரிமை, எவ்வளவு, எதற்கு என்று பூட்டுகிற அன்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உரிமையாளர் கணக்கு யாருடைய போனில் இருக்கிறது என்பதும் அன்றே தெரிந்திருக்கும். மகன் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் "சரி தம்பி" என்றார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

## பின்னர் நடந்தவை

அந்தப் பெண் முதலில் பொலிஸுக்குப் போக மறுத்தார். பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரோடு தனியாகக் கதைத்தார், பெண்களுக்கான 1938 உதவி இலக்கத்துக்கும் எடுத்தார். பிறகு முறைப்பாடு கொடுத்தார், மகள் லண்டனிலிருந்து சட்டத்தரணி ஒருவரை ஒழுங்குபண்ணிக் கொடுத்தார். ஒட்டிய உறையோடு வன்வட்டு ஒப்படைக்கப்பட்டது. வாக்குமூலம் எடுத்தார்கள், அந்தப் பெடியனிடமும் விசாரித்தார்கள். தான் அந்தச் செயலியை எப்போதோ நீக்கிவிட்டதாகச் சொன்னான். இதை எழுதும்போது விசாரணை முடியவில்லை.

குழுவில் போட்ட வீடியோவை மகன் அழித்தார், ஆனால் அதற்கு முன்னமே அது வேறு போன்களுக்குப் போய்விட்டது. திருப்பி எடுக்க வழியில்லை. அந்தப் பெண் தைப்பொங்கல்வரை நின்றார், பிறகு மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வருவீர்களா என்று ரீச்சர் கேட்டபோது பார்ப்போம் என்றாராம். ரீச்சர் இதற்கிடையில் ஒருமுறை இரவில் கட்டிலருகே சரிந்து மணியை அழுத்தியிருக்கிறார், அந்தப் பெண் உடனே ஓடிவந்து தூக்கிவிட்டார். மகனுக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை, அதை அவர் ஒளிக்கவும் இல்லை. ஆனால் முன்பு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது தினம் அம்மாவோடு கதைக்கிறார் என்று ரீச்சர் சொன்னார்.

## மாறியதும் மாற வேண்டியதும்

புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்கு, சம்பளம் பேசும்போதே, எங்கே கமெரா இருக்கிறது, எதைப் பார்க்கும், எத்தனை நாள் பதிவு இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். போனில் தெரிகிற படத்தையும் அவருக்குக் காட்டினோம். நான் இப்போது எந்த வீட்டுக்குப் பூட்டப் போனாலும் வீட்டுக்குள் வசிக்கிற எல்லாரும், வேலைக்கு நிற்பவர் உட்பட, இருக்கும்போதுதான் இடம் பார்க்கிறேன். படுக்கையறைக்கும் கிணத்தடிக்கும் எவ்வளவு காசு தந்தாலும் பூட்டுவதில்லை. நோயாளியின் தேவைக்கு என்று வைத்தியர் சொன்னால் அது வேறு கதை, அங்கேயும் நோயாளியின் வாயால் கேட்க வேண்டும்.

கடைகளில் மாற வேண்டியது இன்னும் எளிது. உரிமையாளர் கணக்கை வீட்டுக்காரரின் போனிலேயே திறக்க வேண்டும், பாஸ்வேட்டை அவரே போட வேண்டும், பூட்டியவர் வெளியேறும்போது தன் போனிலிருந்து நீங்கியதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். வெளிநாட்டில் இருந்து பார்க்கிறவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: உங்கள் செயலியில் அந்த ரெக்கோடர் உங்களுக்குச் சொந்தமானதாகக் காட்டுகிறதா, பகிரப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பகிரப்பட்டது என்றிருந்தால் பகிர்ந்தவர் யார் என்று கண்டுபிடியுங்கள், உரிமையை மாற்றும்வரை உள்வீட்டுக் கமெராக்களின் இணைப்பைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

கடை முதலாளியின் கொப்பியில் இருந்த வீடுகளில் பாதிக்கு மேல் மாற்றியாகிவிட்டது. சிலர் "நான் மறந்தால் யார் திறக்கிறது, உன்னட்டையே இருக்கட்டும்" என்று மறுத்துவிட்டார்கள், அவர்களிடம் அதை எழுத்தில் வாங்கியிருக்கிறார். மீதி வீடுகளில் பல ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கின்றன, கொப்பியில் உள்ள வெளிநாட்டு இலக்கங்கள் வேலை செய்யவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களை நேரில் பிடிக்கலாம் என்று அந்த வீடுகளின் பட்டியலைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார், அதில் ஒரு பிரதி என்னிடமும் இருக்கிறது.